கத்தரிக்கோல் மேல் போட்ட பழி

மாமாவுக்குக் கோபம் முதலில் வரும், காரணம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும் என்பாள் அத்தை.

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியைப் பல அடுக்காக விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கனமான கத்தரிக்கோலை மேசையை விட்டுத் தூக்காமலே ஓட்டுவார். அந்த வெட்டு கோணத் தொடங்கியதும் அவர் சந்தேகப்பட்டது கத்தரிக்கோலை. வெட்டு சரியில்லையென்றால் சாணை சரியில்லை. அந்த வேலையில் யாரும் முதலில் கையைப் பார்ப்பதில்லை.

எதிர்ப்பக்கப் படிக்கட்டின் அடியில் சாணைக்காரர். மாமாவோடு தினமும் டீ குடிக்கிறவர். மாமா கத்தரிக்கோலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். அவரும் முகம் சுளிக்காமல் தீட்டித் தந்தார். ஒருநாள் தையல்காரர்கள் எல்லோரும் பார்க்க, மாமா அதை அவர் காலடியில் எறிந்தார்.

"கண்ணு அவிஞ்சு போச்சுன்னா கடைய மூடிட்டுப் போ. எம் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடற?"

"எஞ் சாணையில குத்தம் இல்ல."

சாணைக்காரர் அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டரே சொல்லிவிட்டார் என்று தெருவே அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்தியது. கொஞ்ச நாளில் அவர் இடத்தைக் காலி செய்துவிட்டார்; படிக்கட்டின் அடியில் யாருடைய சைக்கிளோ நின்றது.

பிறகுதான் அத்தை பார்த்தாள். மாமாவின் வலது கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதையைக் காணவில்லை. யாரோ கரண்டியால் சுரண்டி எடுத்ததுபோல் ஒரு குழி. நாக்கும் குழறியது. "காலங்காத்தாலயே ஊத்திட்டு வர்றியா?" என்று முதலாளி கேட்டாராம்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைத்தார்கள். டக்கென்று ஒரு சத்தம். மடியில் கிடந்த விரல் துள்ளியது.

"மூளைய லேசாத் தட்டினதுக்கே விரல் துள்ளுது பாருங்க," என்றார் டாக்டரம்மா. "இயக்க நரம்பு செல்லெல்லாம் சாகற நோய். கை கால அசைக்கச் சொல்ற மூளையோட மேற்பகுதி ஓயாமக் கத்திக்கிட்டே இருக்கு. ஒரு செல் இன்னொண்ணுக்குச் சேதி சொல்ல குளூட்டமேட்னு ஒரு ரசாயனத்த விடும். சொல்லி முடிச்சதும் அத அள்ளிடணும். இங்க சரியா அள்ளறதில்ல. தேங்கித் தேங்கி செல்லக் கொல்லுதுன்னு நினைக்கிறோம். முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது. வேகத்தக் கொஞ்சம் கொறைக்க மாத்திரை இருக்கு. சிரிப்பும் அழுகையும் கட்டுக்கு அடங்காம வரலாம், பயந்துடாதீங்க."

அத்தை அழுதாள். மாமா கேட்டது ஒன்றைத்தான்.

"அப்ப கத்தரிக்கோல்ல ஒண்ணுமில்ல?"

கூடப் போயிருந்த எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த உடம்புக்குள் கீழே ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்து விழ, மேலே இருப்பவன் இன்னும் உத்தரவு போட்டுக் கத்துகிறான். அள்ள மறந்த ஒரு சொட்டுக்கு ஒரு மனிதனையே விலையாகக் கேட்பது என்ன நியாயம்?

பேச்சு முழுதாகப் போவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், மாமாவுக்கு அது ஒன்றுதான் கவலை. நான் கூடப் போனேன். சந்தைக்குப் பின்னால் கறிக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார் சாணைக்காரர்.

"தப்பு... எம்மேல..." என்று தொடங்கினார் மாமா. சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சக்கரம் நின்றது. "சிரிக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

நான் முந்திக்கொண்டு மூளை, ரசாயனம் என்று உளறினேன்.

"அவனுக்கு மூளையில எதோ கூடிப்போச்சுங்கறியா? கொழுப்பு கூடினதுதாம்ப்பா எனக்குத் தெரியும்."

மாமா இடது கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். சிரிப்பு நிற்கவில்லை. வலது கையைத் தூக்கிச் சாணைப் பலகைமேல் வைத்தார். சாணைக்காரர் அந்தக் குழியையே பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலை அதில் வைத்து அழுத்தினார். தோலுக்கடியில் மிச்சமிருந்த சதை புழுவாய்த் துடித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இத வச்சுக்கிட்டா வெட்டினே, மடையா?" என்றார். "ஆனா எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோசனம்? திட்டினது தையல்காரங்க முன்னால. அங்க வந்து சொல்லு."

மறுநாள் காலை கடையில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாமா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாணையில... தப்பில்ல..." மறுபடி அதே சிரிப்பு.

முதலாளியும் கூடச் சிரித்தார். "என்ன மாஸ்டர், போனியே ஜோக்கா?"

"அவன் சிரிக்கல," என்றார் வாசலில் நின்ற சாணைக்காரர். "நீ பல்ல மூடு."

மாமா வலது கையை இடது கையால் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். சிரிப்புக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டார். "கை... எங் கைதான்... தப்பு."

சாணைக்காரர் கிட்டே வரவில்லை. கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது.

"மொதல்லேந்து சொல்லு," என்றார். "கடைசி மெஷினுக்குக் கேக்கல."

மாமா மூச்சை இழுத்துக்கொண்டு, மொதல்லேந்து சொன்னார்.