புகை அலாரத்தில் கட்டிய பை

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் மேல் அறைக்கு வாடகைக்கு வந்தவர் மீது எனக்கு முதல் கிழமையே சந்தேகம். மிளகாய்த்தூளுக்கு வறுத்தால் புகை அலாரம் கத்தும் என்று அதைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டியிருந்தேன். அந்தப் பை அடிக்கடி காணாமல் போனது. இந்த ஆள் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு முறைப்பாடு அனுப்பத்தான் கழற்றுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

ஜனவரியில் ஒரு காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது அலாரம் அலறியது. ஓடிவந்தேன். ஹீட்டரில் நான் காயப்போட்ட ஸ்வெட்டர் கருகிப் புகைந்தது. பக்கத்துக் கட்டிலில் மகள் தூக்கம் கலையாமல் கிடந்தாள். மேல் அறைக்காரர் எனக்கு முன்பே வந்து பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.

"பையை நீங்களோ கழட்டினனீங்கள்?"

"ஓம் அக்கா. வறுத்து முடிய, கழட்ட மறந்துபோறீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.