தடைக்காலத்து விருந்தாளிகள்

முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளும் மதுரையில் விடுதிக்குப் பக்கத்து நூலகத்தில் நான் தேடி எடுத்தவை பெரும்பாலும் ஒரே வகை நாவல்கள். கோடை விடுமுறைக்கு ஒரு குடும்பம் கடற்கரை ஊருக்கு வரும். பூட்டிய அறை ஒன்று இருக்கும். அதில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு கடிதம். விடுமுறை முடிவதற்குள் குடும்பம் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். சமூகப்பணி படித்தவள் என்பதால் அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. உண்மை தெரிந்த மறுநாள் அந்த வீட்டில் யார் உலை வைத்தார்கள், யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை அவை சொல்வதில்லை. ஆயினும் அவற்றுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருப்பதை அந்த நாவல்களை வாசித்த பிறகே கவனித்தேன்.

கடலாடிப் பக்கம் நெல்லும் மிளகாயும் விளையும் ஊர் எங்களுடையது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இராமநாதபுரத்துக்குத் தையல் படிக்கப் போன நாளில் மண்டபத்துக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்த மீனவரை விரும்பி மணந்துகொண்டார். அவர்கள் வேதக்காரர்கள், கிறித்தவர்கள். என் தாத்தா கத்தவுமில்லை, கையோங்கவுமில்லை. அவள் பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று ஒருமுறை சொன்னார், அதோடு சரி. எடுக்கவில்லை.

அம்மா மட்டும் வேறு வழி கண்டுபிடித்தாள். இராமேஸ்வரத்தில் ஆண்டுதோறும் தீர்த்தமாடுவதாக எனக்காக ஒரு நேர்த்திக்கடன் இருப்பதாகச் சொன்னாள். நேர்த்திக்கடனை யாரும் தடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் இருவரும் பேருந்தேறுவோம். தெரிந்தவர் யாராவது உடன் வந்தால் என்ன செய்வது என்று இராமேஸ்வரத்துக்கே சீட்டு எடுப்பாள். பாலம் வருவதற்கு முன்பே இறங்கிவிடுவோம்.

நான் வாசித்த நாவல்களில் கோடை என்பது கடலின் பருவம். எங்கள் கரையில் நேர்மாறு. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கடலுக்குப் போக விடாத நாள்கள் அவை, தடைக்காலம் என்பார்கள். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். விசைப்படகில் கூலிக்குப் போகிற பெரியப்பா வலை பழுது பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார். வருமானம் இல்லாத அந்த வாரங்களில்தான் அம்மா அரை மூட்டை அரிசியும் ஒரு பை குண்டு மிளகாய் வத்தலும் தூக்கிக்கொண்டு போய் நிற்பாள். விடுமுறை என்பதால் மே மாதம் போகிறோம் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். எந்த வாரத்தில் போக வேண்டும் என்பதை அவள் கணக்குப் பார்த்தே முடிவு செய்தாள் என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

திரும்பும்போது பெரியப்பா எங்களிடம் ஒரு பொட்டலம் தருவார். தடைக்கு முன்பே காயவைத்து எடுத்து வைத்த சீலா மீன் கருவாடு. அதை வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு மனம் வராது. இராமேஸ்வரம் போனவர்கள் பையில் தீர்த்தமும் மணலும் இருக்கும்; எங்கள் பை நான்கு வீட்டுக்கு மணக்கும். ஒருமுறை தெருமுனையிலேயே அடுத்த வீட்டு அத்தை மூக்கை உறிஞ்சினார்.

"ஏத்தா, ஊர்ல எல்லாரும் இராமேசரம் போனா தீர்த்தம் கொண்டு வாராக. நீ மட்டும் என்னமோ கருவாடு கொண்டு வார. சாமி பிரசாதமா?"

"ராம்நாடு பஸ் ஸ்டாண்டுல வித்தாக அத்தாச்சி."

"விப்பாக, விப்பாக. அடுத்த வருசம் போறப்பச் சொல்லு. என் பங்குக்கும் ரெண்டு படி வத்தல் தாரேன், அந்தச் சாமிக்கு."

சொன்னபடியே தந்தார். எந்தக் கோயிலிலும் வத்தல் படைப்பதில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது, ஊர் தாத்தாவிடம் சொல்லவில்லை. அந்த மனிதர்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இதையெல்லாம் வைத்து நான்கு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதினேன். ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. இந்த ஆண்டு கோடையில் திருத்தப்படி வந்தபோது, அச்சாகும் முன், அதனால் யாருக்கு என்ன கேடு வரும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். தாத்தா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊர் என்னவோ எப்போதோ அறிந்ததுதான். அம்மா சரி என்றுவிட்டாள். பெரியம்மா ஒருவர்தான் மிச்சம். அவரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் என் மனச்சாட்சிக்கு வேலை முடிந்தது என்று நம்பி மண்டபத்துப் பேருந்தில் ஏறினேன்.

பெரியப்பா வெளியே கொட்டகையில் நாலைந்து பேரோடு வலை முடிந்துகொண்டிருந்தார். உள்ளே நான் வாசிக்க, பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். தன்னைப் பற்றிய இடங்களில் சிரித்தார். "நான் இம்புட்டு அழகாவா இருந்தேன்? போட்டோ பாத்திருக்கேல்ல, கொஞ்சம் கொறைச்சு எழுது." பிறகு, தாத்தாவுக்குத் தெரியாமல் அம்மா அரிசியைக் கட்டி எடுத்து வரும் அத்தியாயம் வந்தது. கீரை உருவிய கை நின்றது.

"இத எடுத்துரு, ஆத்தா."

"ஏன் பெரியம்மா?"

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்கன நான் வேற சொல்லி வச்சிருக்கேன். எங்க அய்யா மனசு மாறிட்டாக, ஊர்ச் சனத்துக்குப் பயந்து கூப்பிடத்தான் முடியல, அரிசியும் வத்தலும் அவுக குடுத்துவிட்டதுன்னு. அய்யா போனப்பறமும் அவுக சொல்லி வச்சபடிதான் வருதுன்னேன். பெத்த வீட்ல தள்ளி வச்சவன்னு என் மாமியா முன்னாடி நிக்க எனக்கு முடியல. மாமியா போயிருச்சு. உங்க பெரியப்பா இன்னும் அப்படித்தான் நம்புறாக. எம் மாமா குடுத்துவிட்டாருன்னு எத்தன பேர்ட்டச் சொல்லியிருப்பாக."

என் நோட்டில் பெரியப்பாவின் பெயரே இல்லை. இருபது ஆண்டுகளாக எங்களுக்குச் சோறு போட்டவரை நான் கதைக்குள் ஓர் ஓரத்தில் வலையோடு உட்கார வைத்திருந்தேன். இந்தக் கதை அவரை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அவர் தினமும் செய்தித்தாளை விளம்பரம் வரைக்கும் வாசிக்கிறவர். புத்தகம் வந்தால் முதல் ஆளாக வாசிப்பார். ஓர் அத்தியாயத்தை எடுத்தாலும் பயனில்லை; முழு நாவலும் அந்த அரிசியின் மேல்தான் நின்றது.

"புத்தகமே வேண்டாம் பெரியம்மா. நிறுத்தச் சொல்லிடுறேன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"நாலு வருசம் எழுதுனத நிறுத்துவியாக்கும்" என்றார் அவர். கீரைக் காம்பைக் கையில் வைத்து முறித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் தண்ணீர் குடிக்க வந்த பெரியப்பா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீக? உன் கதையில யாரும் செத்துப் போனாகளா?"

நான் வாயைத் திறக்குமுன் பெரியம்மா சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. அய்யா எதுவும் கொடுத்து விடவில்லை, எல்லாம் தங்கச்சி தெரியாமல் கொண்டுவந்தது, நான் பொய் சொன்னேன் என்று மூன்றே வாக்கியம்.

பெரியப்பா செம்பைக் கீழே வைத்தார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"அப்ப நான் குடுத்துவிட்ட சீலா? அது மாமாவுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்து வச்சது தாயி. அது அவரு வாயில பட்டுச்சா, இல்ல ஊரான் தின்னானா?"

இதற்கு மட்டும் பொய் கலக்காத பதில் என்னிடம் இருந்தது. "சாப்பிட்டாரு பெரியப்பா. எங்கேருந்து வந்ததுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. இன்னும் ரெண்டு துண்டு வைன்னு கேப்பாரு. தெரிஞ்சு சாப்பிட்டாரா, தெரியாமச் சாப்பிட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியல. உப்புத்தான் கூடன்னு சொல்லுவாரு."

"உப்புப் போட்டது உங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மதியம் அவர் பெரியம்மாவிடம் நேராகப் பேசவில்லை. "ரசம் ஊத்தச் சொல்லு", "துண்டு எங்கனன்னு கேளு" என்று எல்லாம் என் வழியாகவே வந்தன. இரவும் அப்படியே. பெரியம்மா அழவில்லை; வேளாவேளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் சிரித்து வைத்தார். நாவல்கள் விட்டுவிடுகிற மறுநாள் எனக்குக் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தது என் கைதான். புத்தகத்தை நிறுத்தச் சொல்லும் கடிதத்தை மறுநாள் காலையில் கைப்பேசியில் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

கொட்டகையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். முடிச்சுப் போட்டபடியே பேசினார்.

"அந்தப் புத்தகத்தப் போடு. நானும் இருக்கேன்ல அதுல? சும்மா வலை முடிஞ்சுகிட்டுக் கெடக்குற ஆளா எழுதாத. சீலாவ எழுது. ஆனா உங்கம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்க. வருசா வருசம் பொய்யச் சொமந்தது அவதான்."

அம்மாவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"மச்சான், அப்ப இனிமே அரிசிய எம் பேரச் சொல்லியே கொண்டு வரலாமா?"

அவர் சிரித்தார். வலையைக் கீழே வைத்தார். கைப்பேசியை வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்று, முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே பார்த்துச் சொன்னார்: "இந்தா, உன் தங்கச்சி. வந்து பேசு."