அக்கா பார்த்த குளியல் காட்சி

வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங் வசனம் எழுதுவது என் வேலை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி வீடு. ஹாரன் சத்தத்துக்கு நடுவேதான் என் கதாநாயகிகள் அழுதாக வேண்டும். அன்று வந்திருந்தது ஒரு பெண்கள் ஜெயில் படம். அந்த வகை எனக்கு அத்துப்படி. சவுக்கோடு ஒரு வார்டன், கிழிந்த சட்டைகள், கட்டாயம் ஒரு குளியல் காட்சி. கொடுமையைக் கண்டிக்கிற மாதிரி நடித்துக்கொண்டே அதைக் கண்கொட்டாமல் பார்க்கவைக்கும் அயோக்கியத்தனம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் அந்த வாரம் அக்கா என்னோடு இருந்தாள். கீழ்பென்னாத்தூர் நிலத் தகராறில் மாமாவோடு அவளையும் போலீஸ் பிடித்துப்போனது. ஏழு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தாள். வந்ததிலிருந்து பேச்சே இல்லை. ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சமையலறையில் இருந்தாள். ஹாரனை மிஞ்ச சத்தத்தைக் கூட்டியபோது ஹெட்போன் வயர் கழன்றுவிட்டது. ஒரு பெண்ணின் அலறல் வீடு முழுக்கக் கேட்டது. பதறி வயரைத் தேடுவதற்குள் அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். திரையில் குளியல் காட்சி.

"நிறுத்தாத," என்றாள்.

முடியும்வரை பார்த்தாள். அப்போதும் என் புத்தி வசனத்தைத்தான் தேடியது.

"உள்ள இப்டித்தான் இருக்குமாக்கா?"

கேட்ட வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

"பௌர்ணமிக்கு மலை சுத்தப் போனா, குளத்துல நீ துணி மாத்த அம்மாவும் நானும் புடவை புடிப்போமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அங்கயும் அப்டித்தான். தொட்டிகிட்ட ஒருத்தி குளிச்சா நாலு பேரு புடவை புடிச்சிக்கினு திரும்பி நிப்போம். கொலை கேஸ்ல வந்தவகூட ஒரு நாளும் திரும்பிப் பாக்கல. நீ இங்க உக்காந்து பாக்குறியேடி."

பேசிவிட்டாள். நான் ஏங்கிய பேச்சு இப்படித்தான் வந்தது.

சாயங்காலம் குளிக்கப் போனாள். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து ஒரு மாதமாகிறது, நான்தான் சரிசெய்யவில்லை. ஓடிப்போய்க் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"நான் நிக்கிறேன்க்கா. யாரும் வர மாட்டாங்க, நீ குளி."

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது.

"நீ கீழ போ," என்றாள். "போனதுக்கு அப்புறம் குளிக்கிறேன்."