ஏழாம் கூட்டு முயலின் வயிறு

கௌசலாவின் வயிற்றை வைத்தியர்கள் மூன்று தரம் திறந்திருக்கிறார்கள். முதல் தரம் 2009இல், யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு எடுக்க. அடுத்த இரண்டு தரமும் முதல் தரம் திறந்த பாவத்துக்காக: ஆறிய வயிற்றுக்குள் குடலோடு குடல் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெட்டிப் பிரித்தால், பிரித்த இடம் திரும்பவும் ஒட்டும். இந்த அநியாயத்தை யாரிடம் போய் முறையிடுவது? நான்காவது தரமும் திறக்க வேண்டிவரலாம் என்று போன கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் கிளிநொச்சி ஆய்வுகூடம் ஒன்றில் முயல் பார்க்க ஆள் வேண்டும் என்றதும் விசுவமடுவிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். குடல் ஒட்டாமல் தடுக்கும் மருந்தொன்றை டொக்டர் நிஹ்லா அங்கே சோதித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முயல்களுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. ஆறுக்கு உள்ளே மருந்து, ஆறுக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்பது ஒட்டிய கடித உறைக்குள் இருந்தது. பதினான்காம் நாள் முயல்களை நோகாமல் முடித்து, வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். அதுவரை தீனும் தண்ணீரும் தவிர வேறொன்றும் படக்கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சொல்லி என்ன? நான்காம் நாள் ஏழாம் கூட்டு முயல் தீன் தின்னாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. தையல் சிவந்திருந்தது. வன்னியில் ஆட்டுக்குட்டி முள்ளுக்கம்பியில் கிழித்துக்கொண்டு வந்தாலும் கை தானாக மஞ்சள் போத்தலுக்குத்தான் போகும். கௌசலாவின் கையும் போனது. மூன்று நாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். முயல் அதை நக்கி நக்கி எழும்பிவிட்டது. கறையைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

பதினான்காம் நாள் வந்தது. ஆறு வயிறு திறந்தாயிற்று. மூன்றில் குடல் ஒட்டிக் கிடந்தது. ஏழாவதைத் திறந்ததும் டொக்டரின் முகம் மலர்ந்தது.

"பாருங்கோ அக்கா, ஒரு இடமும் ஒட்டேல்லை. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததேயில்லை."

சொன்னால் கௌசலாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய் ஆய்வுப் பதிவுப் புத்தகத்தில் ஏறும். டொக்டர் பேனையைத் திறந்தார்.

"எழுதாதேங்கோ டொக்டர். அதுக்கு நான் மஞ்சள் பூசினனான். நக்கியும் போட்டுது."

பேனை நின்றது.

"எத்தினை நாள்?"

"மூண்டு நாள்."

"இனி இது மருந்தாலயோ மஞ்சளாலயோ எண்டு ஆர் சொல்லுறது?" டொக்டரின் குரல் உயர்ந்தது. "சொல்லாமல் விட்டிருந்தா எனக்குத் தெரியவே வந்திராது. இவ்வளவு நாளும் இல்லாமல் ஏன் இப்ப சொல்லுறீங்கள்?"

கௌசலா சட்டைக்கு மேலால் தழும்பைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு இந்த மருந்தை என்ர வயித்துக்குள்ளயும்தானே டொக்டர் விடப்போறாங்கள்."

டொக்டர் நிஹ்லா புத்தகத்தில் ஏழாம் எண்ணுக்குக் குறுக்கே கோடிழுத்து, பேனையைக் கௌசலாவிடமே நீட்டினார்.

"என்ன பூசினது, எந்தெந்த நாள், எல்லாம் நீங்களே எழுதுங்கோ. எழுதிப்போட்டு எட்டாம் கூட்டைக் கொண்டு வாங்கோ."