அடுப்பும் இருக்கும், அவரும் இருப்பாரு

எங்க வூட்டு அடுப்ப ஒடைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. என்ன ஒரு வார்த்த கேக்கல. வூட்டுக்காரருக்கு இருமல் ஜாஸ்தியாயி டாக்டரப் பாத்துட்டு வந்த சாயங்காலம், எம் பொண்ணு செருப்பக்கூடக் கழட்டாம வாசப்படியில நின்னுகினு சொன்னா: "வூட்ல பொகையே இருக்கக்கூடாதுன்னுட்டாரும்மா டாக்டர். ஞாயித்துக்கெழம மேஸ்திரிய வரச்சொல்லிட்டேன். ஒண்ணு அடுப்பு, இல்ல அப்பா. எது வேணும்னு நீயே சொல்லு."

"ரெண்டும்"னேன்.

அவ மொறைச்சா. நானும் மொறைச்சேன். மொறைக்கறத அவ யாருகிட்ட கத்துகினா?

நாங்க இருக்கறது நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கத்து ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டின லைன் வூடு. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, மேல தகரம். வூட்டுக்காரரு பூமிக்குக் கீழ எறங்கி வேல செஞ்சவரு. சுரங்கத்த மூடினப்பறம் குடும்பத்தத் தூக்கி நிறுத்தினது அந்தக் கோட்ட அடுப்பு, பெரிய குண்டான் ஏத்தறதுக்கு மண்ணுல கட்டின வெறகு அடுப்பு. விடியறதுக்கு முன்னாடி பெங்களூர் ரயிலப் பிடிக்க ஓடற ஜனத்துக்கு ஸ்டேஷன் வாசல்ல இட்லி விக்கறேன். குண்டான் குண்டானா வேகணும். கேஸ் அடுப்பும் இருக்குது, பாலுக்கும் காப்பிக்கும். இட்லிய அதுல ஏத்தினா சிலிண்டரு வந்த வேகத்துல காலியாயிடும். எம் பொண்ணு காலேஜு படிச்சது இந்த வெறகு அடுப்புல. இன்னிக்கு அதே ரயில்ல ஏறி ஏசி போட்ட ஆபீசுக்குப் போறா, அடுப்பப் பாத்தா மூக்கப் பொத்திக்கறா. எனக்குக் கோவம் வருமா வராதா?

பயமும் இருந்திச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். அவரு இரும ஆரம்பிச்சா கட்டிலே ஆடும். பொகை ஆகாதுன்னு டாக்டர் சொன்னா, ஆகாதுதான். ஆனா பொகை வேற, அடுப்பு வேற. இத யாருக்கும் புரியவெக்க முடியல.

ஞாயித்துக்கெழம வரைக்கும் எனக்கு டயம் இருந்திச்சி. நான் அடுப்பு மூட்டற நேரத்துக்கு அவர எதிர் லைன்ல அவரு தம்பி வூட்ல படுக்கச் சொன்னேன். "இன்னாமே, எங்கூட்ட வுட்டே என்னத் தொரத்தறியா"ன்னாரு. "ஆமா, போங்க"ன்னு போர்வையக் கையில குடுத்தேன்.

மொதல்ல வெறகப் பாத்தேன். கடக்காரன் கொண்டாந்து எறக்கினது தைலமரம், பாதிக்குப் பாதி பச்ச. ஈரக் கட்ட பொகையாம இன்னா செய்யும்? அத வெயில்ல அடுக்கிட்டு, பழசா நல்லாக் காஞ்சத எடுத்து மெல்லிசாப் பொளந்தேன். அடுப்பு வாய்க்குள்ள வயிறு முட்டத் திணிக்கறத வுட்டேன். அடியில ரெண்டு கம்பி போட்டு அதுமேல கட்டய வெச்சா, கீழ காத்து போறதுக்கு எடம் கெடைக்கும். முந்தின நாள் சாம்பல ஒட்ட வழிச்சேன். மண்ணெண்ண ஊத்திப் பத்தவெக்கற பழக்கம் எங்கிட்ட எப்பவும் கெடையாது. அது ஒருநாள் பொடவயப் பிடிக்காம வுடாது. தேங்கா நாரு, சுள்ளி, அப்பறம் கட்ட. பொறுமையாக் குடுத்தா அதுவே பிடிச்சிக்கும்.

தீ மஞ்சளா, சத்தமில்லாம எரிஞ்சிச்சி. பொகை பாதியாக் கொறஞ்சிச்சி. மீதிப் பாதி இருக்குதே, அது மட்டும் என் நெத்தி ஒசரத்துல நின்னுகினு நவுரல. "போயேன், இன்னாத்துக்கு நிக்கற"ன்னு அதுங்கிட்டயே கத்தினேன். கத்தினப்பறம்தான் அது எங்க போகப் பாக்குதுன்னு நிமுந்து பாத்தேன். பின்சொவத்துல, மேல, வென்டிலேட்டர். அதுக்குள்ள ஒரு கோணிச் சாக்கு. சாக்குக்கு மேல ஒரு தகரம்.

இத எங்க ஊர்க்காரங்க மட்டும்தான் செய்வாங்க. கல்ல அரைச்சித் தங்கத்த எடுத்துகினப்பறம் மிஞ்சின மண்ண மலையாட்டம் கொட்டி வெச்சிருக்காங்க இங்க. சைனைட் மேடுன்னு சொல்லுவோம், அந்த வெஷத்தப் போட்டுத்தான் தங்கத்தப் பிரிச்சாங்க. காத்துக் காலத்துல அந்த மண்ணு கெளம்பி வந்து சோத்துல வுழும், கண்ணுல வுழும், தண்ணிக் கொடத்துல வுழும். அதனால லைன்ல ஒரு வூடு பாக்கியில்லாம மேட்டுப் பக்கம் இருக்கற ஓட்டைய எல்லாம் சாக்கு, தகரம், கிழிஞ்ச பனியன்னு கையில கெடைச்சத வெச்சி அடைச்சிடுவோம். காத்து நின்னாலும் எடுக்க மாட்டோம், அடுத்த வருசம் திரும்ப அடைக்கணுமேன்னு. எங்கூட்ல அடைச்சது வூட்டுக்காரரு கைதான். தூசி உள்ள வராம மூடினோம். பொகை வெளிய போற வழியும் அதேன்னு யாரும் யோசிக்கல.

அவரக் கூட்டியாந்து காட்டினேன். அண்ணாந்து பாத்துகினே நின்னாரு. "சுரங்கத்துல கீழ லெவல்ல இப்டி ஒரு காத்து வழிய அடைச்சிருந்தா ஒருத்தனும் எறங்கற கேஜ்ல ஏறியிருக்க மாட்டான்"னாரு.

"மாட்டீங்க. மேல வந்து பொண்டாட்டி சமையக்கட்ட மட்டும் அடைப்பீங்க"ன்னேன். சிரிச்சாரு. சிரிப்பு இருமல்ல போயி முடிஞ்சிச்சி.

சாக்க எடுத்துட்டா பொகை போவும், மேட்டு மண்ணு வரும். ரெண்டும் போய்ச் சேர்ற எடம் அவரு நெஞ்சு. அப்ப பொகைக்குத் தனியா ஒரு வழி வேணும், நேரா மேல.

ஞாயித்துக்கெழம மேஸ்திரி கடப்பாரையோட வந்தாரு. "எங்கம்மா இடிக்கணும்?" நான் கூரையக் காட்டினேன். அவரு எம் பொண்ணப் பாத்தாரு. "அவள இன்னாத்துக்குப் பாக்கறீங்க மேஸ்திரி? சமையக்கட்டு என்னுது"ன்னேன்.

"அம்மா, டாக்டர் பேச்சுக்கு மேல உம் பேச்சா?"ன்னா பொண்ணு.

"டாக்டர் பொகை வேணாம்னாரு. அடுப்ப ஒடைன்னாரா? நல்லா யோசிச்சிச் சொல்லு."

அவ வழிய வுட்டு ஓரமா நவுந்தா. மேஸ்திரி ஏணி போட்டாரு. அடுப்புக்கு மேல மண்ணுல ஒரு கூண்டு, கூண்டுலேர்ந்து இரும்புக் குழா, கூரைத் தகரத்தக் கிழிச்சிகினு வெளிய. சூட்டுல மரச்சட்டம் பத்திக்காம இருக்க குழாயச் சுத்தித் தாராளமா எடம் வுடச் சொன்னேன். மழையும் மேட்டு மண்ணும் எறங்காம இருக்க உச்சியில தொப்பியாட்டம் ஒரு மூடி. அடுப்பு எரியற நேரத்துக்குத் தெருப்பக்கக் கதவு தொறந்தே இருக்கணும்னு வூட்ல எல்லாருக்கும் சொன்னேன்.

மண்ணு காஞ்சதும் ஒரு சாயங்காலம் அடுப்ப மூட்டினேன். பொகை மொத்தமும் என் மூஞ்சியிலயே வந்து அடிச்சிச்சி. பொண்ணு கையக் கட்டிகினு நின்னா. எனக்கு வந்த ஆத்திரத்துல நானே அடுப்ப எத்தியிருப்பேன். குழாயத் தொட்டேன், சில்லுன்னு இருந்திச்சி. ஒரு பேப்பரச் சுருட்டிக் கொளுத்தி குழா வாயாண்ட பிடிச்சேன். சூடு ஏறினதும் பொகைய இழுத்துகினு போச்சி. "வருதும்மே, மேல வருது"ன்னு தெருவுலேர்ந்து வூட்டுக்காரரு கொரல் குடுத்தாரு.

வேணாம் வேணாம்னாலும் கேக்காம உள்ள வந்து கதவாண்ட முக்காலியில ஒக்காந்தாரு. சமையக்கட்டுல எதிர் சொவத்து ஆணி வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சிச்சி. கொஞ்ச நேரம் போனதும் இருமினாரு. ரொம்ப நேரம் இருமினாரு.

"பாத்தியா"ன்னா பொண்ணு.

"எங்க பொகை, காட்டு. இது பொகை இல்லடி, கல்லு. கீழ கல்ல ஒடைச்ச தூசி. அத இந்த மனுசன் நெஞ்சுல ஏத்தினவங்க சுரங்கத்துக்குப் பூட்டு போட்டுகினு போயிட்டாங்க. மிச்ச மண்ண மேடாக் குவிச்சி வெச்சிட்டாங்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து நிக்குது அது. அத ஒடைக்க ஒருத்தன் கடப்பாரை எடுத்துகினு வந்தானா? உனக்கு எம் அடுப்பு மட்டும்தான் கண்ணுல பட்டுச்சா?"

அவரு தரையப் பாத்துகினு ஒக்காந்திருந்தாரு. பொண்ணு ஸ்டூலப் போட்டு ஏறினா. நான் உருவிப் பாத்துட்டு லேசாச் சொருகி வெச்சிருந்த சாக்க, அந்த மேட்டுப் பக்கத்து ஓட்டையில ரெண்டு கையாலயும் அழுத்தித் திணிச்சா. கண்ணத் தொடைச்சிகினு எறங்கி, போயி தெருக் கதவ இன்னும் கொஞ்சம் அகலமாத் தொறந்து வெச்சா.

இப்பவும் அவரு இருமறாரு. இப்பவும் நான் அடுப்பு மூட்டறேன், ரயிலுக்கு இட்லி போவுது. இனிமே யாராச்சும் கடப்பாரையோட எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா, மேட்டுக்குப் போற வழியக் காட்டுவேன்.