ஆள் தெரியாத காவல்

கதிர்வீச்சுப் பிரிவின் நடைக்கூடத்தில் காத்திருந்தபோதுதான் என் உள்ளங்கைகள் மஞ்சளாகியிருப்பதைக் கண்டேன். கருப்பைவாய்ப் புற்றுக்கான சிகிச்சையில் அது நான்காம் வாரம். நல்லம்பள்ளியிலிருந்து துணைக்கு வந்திருந்த நாத்தனார் செல்வி, "ஏனுங்க அண்ணி, கொழம்பு வெச்ச கைய கழுவாமயே பஸ் ஏறிட்டீங்களா?" என்று சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. காமாலை என்றால் நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது என்று இருவருமே நினைத்தோம்.

மருத்துவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்குதுங்க. காமாலை இல்ல. கேரட் நெறைய சாப்பிடறீங்களா?"

காலையும் மாலையும் சாறு. கூடவே பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் பொருள்) மாத்திரைகள். உயிரணுக்களைக் காக்கும் என்று படித்துவிட்டு, நானே கணவரிடம் சொல்லி வாங்கியவை. காய்கறியில் இருப்பதுதானே என்று மருத்துவரிடம் சொல்லவில்லை. சாறு பிழிவது கணவரின் வேலை. இருபத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் எனக்காக அடுப்படிக்குள் வந்தது அப்போதுதான்.

கதிர்வீச்சு உயிரணுவுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களை (எதிர்ப்பட்டதைச் சிதைக்கும் மூலக்கூறுகள்) உண்டாக்கித்தான் புற்றைக் கொல்கிறது என்றார் மருத்துவர். "நீங்க முழுங்கறது அதைத் தணிச்சுடலாம். எந்த உயிரணு உங்களுது, எது நோயோடதுன்னு அதுக்கு ஆள் தெரியாதுங்க. அளவு மீறினா சில இடத்துல அதுவே உயிரணுவைக் கெடுக்கவும் செய்யும்."

"அப்ப கட்டி கரையாதுங்களா?"

"இதனாலன்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னியோட நிறுத்திடுங்க."

வீட்டில், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். "நான் ஐஸ் போட்டுக் குடுத்ததாலயா?" என்றார் கணவர். செல்வி என்னைப் பார்த்துவிட்டு, சாறு டம்ளரைக் கழுவ எடுத்துப் போனாள்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிதான் சுருங்கியிருந்தது. தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கணவர் சொன்னார்: "அந்த ஜூஸை நிறுத்தாம இருந்திருக்கணும். என்ன ஆனாலும் நான் குடுத்திருக்கணும்."

அந்தப் பழியை அவர் சுமக்க விடலாகாது என்று அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான் படித்தது, நான் வாங்கச் சொன்னது, மருத்துவர் சொன்னதை நான் மறைத்தது. என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் நடந்தார்.

இதே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாய்க்குள் போவது எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது வேறு மருந்து ஏறுகிறது. என் காலம் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை மட்டுமே நீள்கிறது. உடலை, நம்ப முடியாத ஓர் உறவினரைப்போலக் கவனித்து வருகிறேன். கணவர் தண்ணீர் டம்ளரை நீட்டும்போதுகூட, அதிலிருந்து கையை எடுக்காமல், "இதைக் குடிக்கலாமில்ல?" என்கிறார்.