வேறு கடைக்கு அனுப்பியவர்

நான் வேலை பார்த்த மில் மூடியதும் எனக்கு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி நின்றுபோனது. கைக்காசு போதாமல், இதய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

அஸ்தம்பட்டி மருந்துக்கடையில், "அஞ்சு மாத்திரை மட்டும் குடுங்க" என்று சீட்டை நீட்டினேன். வழுக்கைத் தலையரான கடைக்காரர், யார் சீட்டையும் மூக்கருகே வைத்து இருமுறை படிப்பவர். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதை ஒரு நாள்கூட உடக்கூடாதுங்க" என்றவர், சீட்டின் பின்புறம் கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் மூலப்பெயரை மட்டும் எழுதினார். "அரசு மலிவு விலைக் கடையில இந்தப் பேரைச் சொல்லுங்க. அதே மருந்துதானுங்க, விலை கால்வாசி."

"உங்க யாவாரம் போயிருமுங்களே?"

"நீங்க நல்லா இருந்தாத்தானுங்க யாவாரம்."

அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்து, தன் தண்ணீர் பாட்டிலோடு நீட்டினார். நான் விழுங்கும்வரை அடுத்தவரைக் கவனிக்கவில்லை. காசும் வாங்கவில்லை.

வந்த வாடிக்கையாளரைத் தானே வேறு கடைக்கு அனுப்பிய வியாபாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.